ரெண்டு ஆள் போதும் என்று நான் எழுதிக் கொடுத்த தாள்

போன மாதம் ஒரு காலையில், நகராட்சிக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் தம்பி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கக்கத்தில் ஒரு பழைய ஃபைல். பூங்காவைப் பராமரிக்க டெண்டர் விடப்போகிறார்களாம். எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எரு என்று மதிப்பீடு போட வேண்டுமாம். ஆபீஸில் இருக்கிற யாருக்கும் அது தெரியவில்லை. "தோட்ட மேஸ்திரியைப் போய்க் கேளுங்க" என்று வாட்ச்மேன் வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆன பிறகும் என்னைத்தான் வந்து கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

தம்பிக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஃபைலைப் பிரித்து மஞ்சளாகிப்போன ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"இதுல ரெண்டு ஆள் போதும்னு தெளிவா இருக்குங்க ஐயா. இதையே போட்டுடலாங்களா?"

தாளின் அடியில் ஒரு கையெழுத்து. முதல் எழுத்து யானை மாதிரிப் பெரியது. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அது என்னுடையது.

நம் ஓய்வூதியர் சங்க மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்னத்தை எழுத என்று நழுவி வந்தேன். இப்போது எழுதுகிறேன். சர்வீசில் இருக்கிற பிள்ளைகள் படிக்க வேண்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினாறு வயதில் ஆரணிக்கு வந்து ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். நகராட்சி சாலையோரம் கன்று வைத்தபோது குழி தோண்டக் கூலிக்குப் போனேன். மற்றவர்கள் வைத்த கன்றில் பாதி செத்தது. நான் வைத்தது ஒன்றுகூடச் சாகவில்லை. அதைப் பார்த்துத்தான் என்னைத் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள், பிறகு தோட்டக்காரன், பிறகு மேஸ்திரி. யார் சிபாரிசும் கிடையாது, யார் காலிலும் விழுந்தது கிடையாது. படித்த எழுத்து மறந்துபோய், கையெழுத்துப் போடக்கூட இருபத்தாறு வயதில்தான் கற்றுக்கொண்டேன். சம்பளப் பட்டியலில் விரலை வைக்கக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் சிமெண்டுத் தரையில் கரியால் எழுதிப் பழகி, கோடும் இரண்டு புள்ளியும் நானே சேர்த்துக்கொண்டேன். ஆணையர் கையெழுத்தைவிட அது எடுப்பாக இருக்கும் என்று கிளார்க்குகளே சொல்வார்கள்.

பூங்கா என் கைக்கு வந்தபோது வேலிக்காத்தான் முள்ளும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்தது. வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒரே நேர்பாதை, என் காலுக்கு இருநூறு தப்படி. அதன் இரண்டு பக்கமும் புங்கன் வைத்தேன். ஐந்து வருஷத்தில் நடுப்பகலிலும் அந்தப் பாதையில் வெயில் விழாது என்று ஆயிற்று.

இதற்கெல்லாம் ஆபீஸ் பணத்தை நான் தொடவே இல்லை. இதைத்தான் நான் என் சாமர்த்தியம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூட்டை தூக்கின ரைஸ் மில்லில் உமிச்சாம்பல் இலவசம். மாட்டுச் சந்தை முடிந்த மறுநாள் சாணம் இலவசம். சாயப்பட்டறைக்காரர்கள் தூக்கிப் போட்ட ரப்பர் குழாயை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்வேன். கத்திரிக்குப் பிடி உடைந்தால் தறிக்காரர் வீட்டில் கிடக்கும் பழைய கட்டையைச் செதுக்கிப் போட்டுக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாமர்த்தியம் பாவுத் தண்ணீர்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பட்டு நெய்கிறவர்கள், புடவையின் நீளவாட்டு இழைகளான பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நீளவாக்கில் இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, சீர் பண்ண வேண்டும். மூன்று புடவைக்கான பாவு என்றால் ஒரு தெருவே வேண்டும். வெயில் ஏறினால் இழை முறுக்கிக்கொள்ளும், அதனால் விடிந்ததும் செய்வார்கள். தெருவில் மோட்டார் சைக்கிள் நெரிசல் வந்த பிறகு அவர்களுக்கு இடம் இல்லை. என் பாதையில் நிழல் இருந்தது, நீளம் இருந்தது, வண்டி வராது. வந்து கேட்டார்கள். நான் சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. பாவை எடுத்துக்கொண்டு போகும்போது, வந்த ஆள் ஒவ்வொருவரும் கைப்பம்பில் அடித்து நாலு குடம் தண்ணீர் மரத்துக்கு ஊற்ற வேண்டும். பாதையையும் பெருக்கிவிட்டுப் போக வேண்டும்.

"இன்னா மேஸ்திரி, நெழலுக்கு வாடகையா?" என்று ஒரு நெசவாளர் கேட்டார்.

"வாடகை இல்ல நைனா. நெழலுக்குத் தாகம் எடுக்குது, அத்த நீ குடிக்க வெக்கிற" என்றேன்.

சிரித்துக்கொண்டு ஊற்றினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாவு வரும், பாவுக்கு ஆறு பேர். நாற்பத்தெட்டுக் குடம். ஒரு பைசா கூலி இல்லை. எந்த ஊர் மேஸ்திரிக்கு இந்த மூளை வந்தது, சொல்லுங்கள்.

கணக்குப் பிரிவில் சதாசிவம் சார் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. துப்புரவுத் தொழிலாளி வந்தாலும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்வார். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். மறுபடி ஒருமுறை படித்து, எதிரில் இருப்பவரை ஒருமுறை பார்த்து, பிறகுதான் பேனாவில் எழுதி, பென்சிலை அழிப்பார். கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் "சாப்ட்டீங்களா" என்று கேட்பார். சாப்பிட்ட வயிற்றுக்குத்தான் சொல்வது என்று ஒரு கொள்கை வைத்திருந்தார் போல.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் எல்லாப் பிரிவுக்கும் அச்சடித்த ஒரு படிவம் வரும். அதில் நான்கு கட்டம். இந்த வேலைக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி எவ்வளவு, அடுத்த வருஷத்துக்குத் தேவை எவ்வளவு. நான்காவது கட்டத்தை நாம் நிரப்ப வேண்டும். மேலே இருக்கிறவர்கள் பார்ப்பது இரண்டாவது கட்டத்தை. என் படிவத்தில் அந்த இரண்டாவது கட்டம் ஏறக்குறையக் காலியாகவே இருக்கும். மார்ச் கடைசி நாளில் மீதிப் பணம் திரும்பிப் போய்விடும். நான் அதைக் கோயில் உண்டியலில் போட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

சதாசிவம் சார் ஒருமுறை கூப்பிட்டார்.

"எருவுக்குப் போட்ட பணம் அப்படியே நிக்குதே மேஸ்திரி."

"எரு ஓசில வருது சார். இன்னாத்துக்குத் துட்டு?"

"எரு ஓசில வரலாம். அத்த ஏத்தி எறக்கற ஆளு ஓசியா? வண்டிக்காரர் ஓசியா? அவங்களுக்குக் கூலி குடுங்க, குடுத்தத எழுதுங்க. இந்த ஆபீஸுக்குக் கண்ணு கெடையாது மேஸ்திரி, வயிறுதான். போன வருஷம் எவ்ளோ சாப்ட்டுதோ அத்தப் பாத்துத்தான் இந்த வருஷம் எலை போடுவாங்க."

பயந்த மனுஷன் பேச்சு என்று நினைத்தேன். பொய் பில் போடச் சொல்கிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அப்படி இல்லை. நடக்கிற வேலையை நடக்கிறது என்று எழுது, அதற்கு ஆகிற விலையை எழுது என்றுதான் சொன்னார். எனக்கு அது விளங்க என் சர்வீஸே முடிய வேண்டியிருந்தது.

அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று சிக்கனமாகப் பராமரித்ததற்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். அதன் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இனி பச்சையம்மா.

பூங்காவில் எனக்குக் கீழே தங்கவேலு என்று ஒரு நிரந்தரத் தோட்டக்காரர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் முழங்கால் வாதம், குனிந்தால் நிமிர நேரமாகும். பாவுக்காரர்கள் தண்ணீர் ஊற்றுவது பாதையோர மரங்களுக்கு மட்டும்தான். உள்ளே புல்தரை, செம்பருத்தி, நாற்றங்கால் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியிருந்தது. அப்போதும் நான் ஆபீஸைக் கேட்கவில்லை. காலையில் பூங்காவில் நடக்க வருகிற மில் முதலாளி ஒருவரிடம் பேசினேன். அவர் வாரம் ஆறு படி அரிசி கொடுக்க ஒத்துக்கொண்டார். அந்த அரிசிக்கு ஒரு பெண்ணைத் தண்ணீர் ஊற்ற வரவழைத்தேன். அவள்தான் பச்சையம்மா. செய்யார் ரோட்டில் ஒரு கிராமம். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பெண் குழந்தைகள். பிறகு மஸ்டர் ரோல் என்கிற தினக்கூலிப் பட்டியலில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தேன். தினக்கூலி தனிக் கணக்கு, என் படிவத்தின் செலவுக் கட்டத்தில் வராது. அவள் விரல் ரேகை வைப்பாள், பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். மொத்தம் ஒன்பது வருஷம் பூங்காவில் உழைத்தாள்.

வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இலையைத் திருப்பிப் பார்த்து எந்த மரத்துக்கு எத்தனை குடம் என்று சொல்லிவிடுவாள். பால் கவரைக் கழுவி வைத்து அதில் நாற்று விட்டு, ஊரில் இருக்கிற அத்தனை பள்ளிக்கூடத்துக்கும் கன்று கொடுத்தது அவள். அதற்கு மேடையில் பாராட்டு வாங்கிக்கொண்டது நான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வேடிக்கைக்கு நான் ஒரு குடத்தைத் தூக்கினால், "வெச்சிருங்க மேஸ்திரிண்ணா. உங்களுக்குச் சுளுக்கிகிச்சுன்னா பாராட்டு வாங்க யாரு போறது?" என்பாள்.

ஒரு ஜனவரியில் ஒரு பேச்சு கிளம்பியது. பத்து வருஷம் முடித்த தினக்கூலிகளின் பெயரை நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கப் போகிறார்கள் என்று. ஆனால் அந்த ஆள் எங்களுக்குத் தேவை என்று அவரவர் பிரிவு எழுத்தில் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் பேச்சே கிடையாது.

பச்சையம்மா நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"ஆளு தேவைன்னு எழுதிக் கேக்கறாங்களாமே மேஸ்திரிண்ணா. என் பேரை எழுதிக் குடுத்துருங்க."

"உனக்கு ஒம்பது வருஷம்தானே ஆவுது?"

"நீங்க ஆளு தேவைன்னு எழுதுங்க. வருஷத்தை நான் பாத்துக்கறேன்."

என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. "நான் இருக்கறப்ப உனக்கு இன்னா பயம்?" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பத் தெளிக்கப் போய்விட்டாள்.

மறு வாரம் ஆணையர் அறையில் கூட்டம். எல்லாப் பிரிவுக்காரர்களும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். படிக்காதவன் நான் ஒருவன்தான். ஆணையர் மேஜைக்கு வலது பக்கம் சதாசிவம் சார், படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு. சுகாதாரப் பிரிவுக்காரர் பன்னிரண்டு ஆள் கூடுதலாக வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆணையருக்கு முகம் சிவந்தது. வரி வசூலே இல்லை, எல்லாரும் ஆள் ஆள் என்றால் நான் எங்கே போவேன் என்று அவரைப் பிடி பிடியென்று பிடித்தார். அடுத்து குடிநீர்ப் பிரிவு, அவருக்கும் அதே. அறையே அடங்கிப் போயிருந்தபோது ஆணையர் பார்வை என் மேல் விழுந்தது.

"இவரைப் பாருங்க. பட்ஜெட்ல போட்டதைத் தொடறதே இல்ல. பூங்கா எப்படி இருக்கு, போய்ப் பாருங்க. நீங்க எல்லாம் டிகிரி படிச்சவங்க" என்றார். பிறகு என்னிடம், "உங்களுக்கு எத்தனை ஆள் வேணும் மேஸ்திரி?"

பச்சையம்மாவை மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை எழுதுவதற்கே அர்த்தமில்லை. மறக்கவில்லை. அவள் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மூன்று ஆள் வேண்டும் என்று சொன்னால் நானும் அந்தச் சுவரோர வரிசையில் ஒருவன் ஆகிவிடுவேன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினவனை, டிகிரி படித்தவர்கள் முன்னால், இதுவரை யாரும் அப்படித் தூக்கி வைத்ததில்லை.

எழுந்து நின்றேன். "நானும் தங்கவேலும் போதும் சார். ரெண்டு பேரே அதிகம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆணையரும் சிரித்தார்.

சதாசிவம் சார் சிரிக்கவில்லை. படிவத்தில் எழுதிவிட்டு, வழக்கம்போல மறுபடி படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பென்சில்லதான் எழுதியிருக்கேன் மேஸ்திரி. வெளிய போய் ஒரு டீ சாப்ட்டுட்டு வந்து சொல்லுங்க. அதுக்குள்ள மத்த பிரிவை முடிச்சிடறேன்."

அந்த மனிதர் கூட்டத்துக்கு நடுவிலேயே எனக்கு ஒரு டீ நேரம் கொடுத்தார். நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

"பேனாலயே எழுதுங்க சார். நான் பேச்சு மாத்தற ஆளில்ல."

அவர் பேனாவை எடுத்து அதன் மேலேயே எழுதி, ரப்பரால் பென்சிலை அழித்து, தூளை ஊதிவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட்டேன். முதல் எழுத்து பெரியதாக. கோடு. இரண்டு புள்ளி.

ஆபீஸில் அது உடனே எங்கும் தெரியவில்லை. எல்லாம் வழக்கம்போல நடந்தது. பச்சையம்மா கேட்டாள், சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றேன். ஏப்ரல் பிறந்ததும் சதாசிவம் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனதும் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"சாப்ட்டீங்களா மேஸ்திரி?"

சாப்பிட்டேன் என்றேன்.

பூங்காவுக்கான தினக்கூலித் தொகையையே எடுத்துவிட்டார்கள். தேவையில்லை என்று பிரிவே எழுதிக் கொடுத்திருக்கும்போது எதற்கு என்று மேலே இருந்தவர்கள் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்கள். மஸ்டர் ரோலே இல்லை. அவள் நாளையிலிருந்து வரக்கூடாது.

அவளிடம், மேலிடத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றேன். மறுநாள் ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். அதற்கு மறுநாள் காலை, பாவுக்காரர்கள் பாவு நீட்டிக்கொண்டிருந்தபோது, பூங்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான்தான் போனேன்.

"சதாசிவம் சாரைப் பாத்தேன். அவரு ஒண்ணும் சொல்லல. யாரு பேரையும் சொல்லல. மேஜை மேல ஒரு பேப்பர் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது மேஸ்திரிண்ணா, உங்களுக்குத் தெரியும். ஆனா அந்தக் கோடும் ரெண்டு புள்ளியும் தெரியாதா எனக்கு? தெனமும் என் விரலு பக்கத்துல போடுவீங்களே."

பாவை முடிந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நாத்துக்கு ஈரத் துணி போட்டு மூடிட்டு வந்தேன் முந்தாநாளு. எடுத்துருங்க, அழுவிடும்" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் படிவம் வந்ததும் நான்காவது கட்டத்தில் ஐந்து ஆள் என்று எழுதி, பச்சையம்மா பெயரையும் எழுதிக்கொண்டு போனேன். சதாசிவம் சார் படித்தார்.

"நீங்க கேக்கறது நியாயம் மேஸ்திரி. ஆனா ரெண்டு பேரே அதிகம்னு கையெழுத்துப் போட்ட ஒரு சாட்சி ஃபைல்ல இருக்காரு. அவரை நீங்களே வந்தாலும் குறுக்கு விசாரணை பண்ண முடியாது." என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தன் கையால் சிபாரிசுக் குறிப்பும் எழுதி மேலே அனுப்பினார். முந்தைய அறிக்கையின்படி நடவடிக்கை தேவையில்லை என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. எரு கேட்டேன், குழாய் கேட்டேன், மோட்டார் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பழைய வருஷங்களின் இரண்டாவது கட்டத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே நான் விட்ட வெற்றிடம்தான் இருந்தது. அடுத்த வருஷம் அவரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

பிறகு பாவுக்கு மிஷின் வந்தது. ஒரு ஷெட்டுக்குள்ளேயே மழையிலும் வெயிலிலும் பாவு போட்டுக்கொள்ளலாம் என்றால் யார் என் பாதைக்கு வருவார்கள்? அவர்கள் பிழைப்பு, நல்லதுதான். ஆனால் நாற்பத்தெட்டுக் குடம் நின்றுபோனது. அந்தத் தண்ணீர் எந்தக் கட்டத்திலும் இருந்ததில்லை, அதனால் நின்றதும் எந்தக் கட்டத்திலும் தெரியவில்லை. புங்கன் தண்ணீர் இல்லாமலே நிற்கும் என்று ஆபீஸில் இருப்பவர்களுக்கு நம்பிக்கை. கீழ்த்தண்ணீர் இறங்கி, கைப்பம்பு காற்று அடிக்க ஆரம்பித்தது. தங்கவேலு முழங்காலோடு ஓய்வுபெற்றார், அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒருவனே ஒப்பேற்றினான் என்றால் ஒருவனே போதும், அதுதானே வழக்கம். ஐம்பத்தேழு வயதில் வீட்டிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு வந்து ஊற்றினேன். பாதையின் கிழக்கு வரிசையில் பதினொரு மரம் நின்றபடியே காய்ந்தது. என் கையால் வைத்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று மேலே எழுதினேனே, அது அதுவரைக்கும்தான்.

இன்ஜினியர் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான் செய்த வேலை, தங்கவேலு செய்தது, பச்சையம்மா செய்தது, பாவுக்காரர்கள் ஊற்றியதும் பெருக்கியதும், சாம்பலும் சாணமும் கொண்டுவந்தவர்கள் உழைப்பு. எதையும் ஓசி என்று விடாமல் போட்டால் ஆறு ஆள் வந்தது. ரெண்டு ஆளின் பூங்கா என்று நான் மார்தட்டிய இடத்தில் எப்போதும் ஆறு ஆள் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ரிட்டயர் ஆனவங்க லெட்டரை ஃபைல்ல சேக்க முடியாதுங்க ஐயா. ஆபீஸ் ரெக்கார்டுதான் பேசும். நான் முடிஞ்சவரைக்கும் பாக்கறேன்" என்றார். நல்ல பிள்ளை. பார்ப்பார். ஆனால் ரெண்டு என்று எழுதின தாள்தான் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன். பூங்காவுக்கு ஆறு ஆள் வேண்டும். ரெண்டு என்று நான் எழுதிக் கொடுத்தது பொய்.

இதை எழுதுவதற்கு முன் ஒருவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. போன வாரம் செய்யார் ரோட்டில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் மாலையில் போய் நின்றேன். பச்சையம்மா அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் துலக்குகிறாள். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகவில்லை. "இன்னா மேஸ்திரிண்ணா, இளைச்சிட்டீங்க. பென்ஷன் வருதில்ல?" என்றாள்.

வருகிறது என்றேன். பூங்காவைப் பற்றி, அந்தக் கூட்டத்தைப் பற்றி, நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன், உன் பெயரையும் எழுதலாமா என்று கேட்டேன்.

பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இப்ப எழுதி இன்னா ஆவப்போவுது?"

ஃபைலில் இருக்கிற தாள் பொய் என்றாவது தெரியட்டும் என்றேன்.

"சரி, எழுதுங்க. அன்னிக்கு எழுதாத பேரு. ஆனா எழுதறதைச் சரியா எழுதுங்க. ஒம்பது வருஷம்னு எழுதுவீங்க. ஒம்பது இல்ல."

"மஸ்டர்ல ஒம்பதுதானே?"

"மஸ்டர்ல ஒம்பது. அதுக்கு முன்னாடி ஆறு படி அரிசிக்குத் தண்ணி ஊத்தினேனே, அது யாரு? ஒரு வருஷம் நாலு மாசம். ஆபீஸ் துட்டைத் தொடாம ஆளு புடிச்சேன்னு நீங்கதான் ஊரெல்லாம் சொன்னீங்க. அந்த அரிசிக்கு மில்லுக்காரரு கையால கடுதாசி எழுதி வாங்கி வெச்சிருந்தேன் மேஸ்திரிண்ணா. நீங்க ஆளு தேவைன்னு மட்டும் எழுதியிருந்தா, மீதிய நான் காட்டியிருப்பேன்."

அவள் ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிப் பரண் மேல் போட்டேன். பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன். மேலே ஓரிடத்தில், என்னை அறியாமல், பழைய பழக்கத்தில் ஒன்பது வருஷம் என்று எழுதியிருக்கிறேன். அழிப்பதற்கு நான் பென்சிலில் எழுதவில்லை. படிக்கிறவர்கள் அந்த இடத்தில் பத்து வருஷம் நாலு மாதம் என்று படித்துக்கொள்ளுங்கள். ஆள் பெயர் பச்சையம்மா. பூங்காவுக்குத் தேவைப்பட்ட ஆள்.